எஸ்சிட்டலோப்ராம் வேலை செய்ய ஏன் இத்தனை வாரம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பதற்ற நோய்க்காக அம்மாவுக்கு டாக்டர் இரண்டு மாத்திரை எழுதியிருக்கிறார்: காலையில் எஸ்சிட்டலோப்ராம், இரவில் குளோனசெபாம்.

குளோனசெபாம் போட்ட கொஞ்ச நேரத்தில் கை நடுக்கம் அடங்கி, கண் சொக்கிவிடுகிறது. அது ஓரளவு புரிகிறது. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் தன் ஏற்பியில் (நரம்பணுவின் மேல் அது ஒட்டும் புரதம்) ஒட்டும்போது, இந்த மருந்து அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் ஒட்டி அதன் வேலையைக் கூட்டுகிறது. குளோரைடு அயனிகள் கூடுதலாக உள்ளே போவதால் நரம்பணு எளிதில் தூண்டப்படாது. 1963-இல் வந்த, அதே குடும்பத்து மருந்தான டயசெபாமுக்கும் இதே வழிதான்.

எஸ்சிட்டலோப்ராம்தான் குழப்புகிறது. நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள், வெளியான பின் நரம்பணுவுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை அது சில மணி நேரத்திலேயே தடுக்கிறது. அப்புறம் ஏன் பலன் தெரிய 2 முதல் 6 வாரம்? செரட்டோனின் வெளியாவதை மட்டுப்படுத்தும் ஏற்பிகள் மெல்ல மந்தமாக வேண்டும் என்று படித்தேன். அது மட்டும்தான் காரணமா?

"ஒண்ணும் தெரியலையே, நிறுத்திடட்டுமா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த மாட்டோம். குளோனசெபாமைத் திடீரென விட்டால் வலிப்பு வரை போகலாம் என்று தெரியும். ஆனால் பொறுத்திருக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். மருத்துவர்கள், மருந்தாளர்கள் யாராவது எளிமையாக விளக்குங்களேன்.