டிகிரி முடிச்சிட்டு சமூக சேவை ஃபெலோஷிப்புக்கு போகலாமா? வீட்ல கல்விக் கடன் வேற இருக்கு

செஞ்சி_பொண்ணு:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். இந்த மே மாசம் பிஎஸ்சி மேத்ஸ் முடிச்சேன், ஊரு செஞ்சி பக்கம் ஒரு கிராமம். கிராமத்துல தங்கி வேலை பாக்குற மாதிரி, மாசா மாசம் ஸ்டைபண்டும் குடுக்குற ஃபெலோஷிப் இருக்குன்னு சீனியர் அக்கா சொன்னாங்க, எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா, டீச் ஃபார் இந்தியா, முதலமைச்சர் ஃபெலோஷிப்னு மூணு சொன்னாங்க, இதுல நான் எதுக்கு அப்ளை பண்ண முடியும்னு தெரியல. எனக்கு பெரிய அனுபவம்னு ஒண்ணும் இல்ல, காலேஜ் படிக்கும்போது சாயங்காலம் எங்க தெருவுல இல்லம் தேடிக் கல்வி (தன்னார்வலருங்க ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லித் தர்ற அரசுத் திட்டம்) எடுத்தேன், அவ்வளவுதான். இந்தி தெரியாது, இங்கிலீஷ் எழுதுவேன் ஆனா பேச வராது. அப்பா "படிச்சது போதும், பேங்க் எக்ஸாமுக்கு கோச்சிங் சேரு, லோன் 1,20,000 யாரு கட்டுறது"ன்னு கேக்குறாரு, அவர் கேக்குறதும் நியாயம்தான். எனக்கு இந்த வேலைதான் புடிச்சிருக்கு. போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

உதய்பூர்_ரிட்டர்ன்:
தங்கச்சி, நான் எஸ்பிஐ ஃபெலோஷிப் முடிச்சவன், ராஜஸ்தான்ல உதய்பூர் பக்கம் பழங்குடி கிராமங்கள்ல இருந்தேன். அதனால அதை மட்டும் விவரமா சொல்றேன். 2011ல ஆரம்பிச்சது, 13 மாசம், ஏதாவது ஒரு டிகிரி முடிச்சிருக்கணும், வயசு 21ல இருந்து 32க்குள்ள. மேத்ஸா தமிழான்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஸ்டைபண்ட் 15,000, 16,000 ரேஞ்சுல இருக்கும், போக்குவரத்துக்கும் ப்ராஜெக்ட் செலவுக்கும் தனியா கொஞ்சம், முழுசா முடிச்சா கடைசில மொத்தமா ஒரு தொகை குடுப்பாங்க. இதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் ஏத்துறாங்க, அதனால அந்த வருஷ நோட்டிபிகேஷன்ல என்ன போட்டிருக்கோ அதை வச்சு கணக்கு போடு. ரூம் வாடகை நம்ம கையிலதான். ஆனா கிராமத்துல வாடகை கம்மி, எஸ்பிஐ நம்மளை வேலை பாக்க அனுப்புற தொண்டு நிறுவனமே இடம் பாத்து குடுப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். "இல்லம் தேடிக் கல்வி எடுத்தேன், அவ்வளவுதான்"னு எழுதிருக்க பாரு, அந்த "அவ்வளவுதான்"ல தான் உன் அப்ளிகேஷனே இருக்கு. செலக்‌ஷன்ல ஆன்லைன்ல கேள்வி கேட்டு எழுதச் சொல்லுவாங்க, அப்புறம் இன்டர்வியூ. நூத்துக்கு தொண்ணூறு பேரு அங்க "எனக்கு சின்ன வயசுல இருந்தே சமூகத்துக்கு சேவை செய்யணும்னு ஆசை"ன்னுதான் எழுதுறாங்க, அதைப் படிச்சா எழுதினவங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. நீ அந்த வாக்கியமே எழுதாத. உன் தெருவுல எத்தனை பிள்ளைங்க வந்தாங்க, எந்தப் பிள்ளை எங்க தடுமாறுச்சு, எந்த மாசம் வராம போச்சு, ஏன் வரல, நீ அதுக்கு என்ன பண்ண, அது வேலை செஞ்சுதா இல்லையா, இதை எழுது. வேலை செய்யலன்னாலும் எழுது, ஏன் செய்யலன்னு உனக்குப் புரிஞ்சதை சேத்து எழுது. ஒரு ஊர்ல ஒரு பிரச்சினையை உக்காந்து பாக்குற பொறுமை இருக்கான்னுதான் அவங்க தேடுறாங்க.

இந்தி பத்தி பயப்படாத, எந்த ஏரியா போகணும்னு விருப்பம் கேப்பாங்க, மொழியையும் பாப்பாங்க. எனக்கே போகும்போது உடைஞ்ச இந்திதான். அங்க பகல் 11 மணிக்கு போனா வீட்ல ஒருத்தரும் கிடைக்க மாட்டாங்க, மாடு கண்ணு திரும்பி வந்து கட்டின அப்புறம்தான் மகளிர் குழு கூட்டமே நடக்கும், அங்க தினமும் உக்காந்து கேட்டு கேட்டுதான் பேச்சு வந்துச்சு.

சேத்துப்பட்டு_டீச்சர்:
டீச் ஃபார் இந்தியா பத்தி நான் சொல்றேன்மா, அது 2 வருஷம், 2009ல இருந்து நடக்குது, சென்னையும் அவங்க எடுக்குற நகரங்கள்ல ஒண்ணு. வசதி கம்மியான பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல முழு நேர டீச்சரா வகுப்பை கையில எடுக்கணும். கிராமம் வேணும்னு நீ கேக்குற, அது நகரத்துல தான். செலக்‌ஷன்ல ஒரு சின்ன பாடம் நடத்திக் காட்டச் சொல்லுவாங்க, நீ ஏற்கனவே நடத்தினவ, உனக்கு அது பிரச்சினையே இல்ல. ஆனா இங்கிலீஷ் பேசித்தான் ஆகணும், இதை மறைக்காம சொல்லிடறேன். இப்பவே தினமும் ராத்திரி போன்ல ரெக்கார்ட் போட்டு, கழித்தல் கணக்கு எப்படி சொல்லிக் குடுப்பன்னு இங்கிலீஷ்ல பேசிப் பாரு. ஒரே பாடத்தை திரும்பத் திரும்ப பேசினா வாய் பழகிடும்.

தமிழ்நாடு அரசோட முதலமைச்சர் ஃபெலோஷிப் இப்போதைக்கு உனக்கு இல்லம்மா. மாசம் 65,000னு கேட்டதும் எல்லாரும் அதையே பாக்குறாங்க, ஆனா அதுக்கு இன்ஜினியரிங், சட்டம், விவசாயம் மாதிரி தொழில் படிப்பு முதல் வகுப்புல முடிச்சிருக்கணும், இல்லன்னா கலை அறிவியல்ல முதுகலை முதல் வகுப்பு. வயசு 22ல இருந்து. தமிழ் நல்லா தெரிஞ்சிருக்கணும்னு இருக்குறதால நம்ம பசங்களுக்கு நல்ல வாய்ப்பு. எம்எஸ்சி முடிச்சிட்டு பாரு, அப்ப இப்ப நீ போற ஃபெலோஷிப்போட அனுபவமும் கைல இருக்கும்.

லோன்_கவுன்ட்டர்:
கடன் பத்தி யாரும் பேசல, அதனால நான் சொல்றேன். நான் பேங்க்ல வேலை பாக்குறேன், உங்க அப்பா கேக்குற கேள்விக்கு பதில் இல்லாம நீங்க கிளம்பக் கூடாது. பொதுவா கல்விக் கடன்ல படிப்பு முடிஞ்சு 1 வருஷம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம், உங்களுக்கு அடுத்த மே வரைக்கும்னு வச்சுக்கோங்க, கடன் குடுக்கும்போது பேங்க்ல தந்த சேங்ஷன் லெட்டர்ல தேதி இருக்கும், எடுத்துப் பாருங்க. ஃபெலோஷிப் 13 மாசம், இந்த வருஷக் கடைசில சேர்ந்தா நடுவுலயே இஎம்ஐ ஆரம்பிச்சிடும். 1,20,000க்கு 10 சதவீத வட்டின்னு வச்சா 5 வருஷத்துக்கு மாசம் 2,550 கிட்ட வரும், 10 வருஷமா நீட்டிக் குடுத்தா 1,600க்குள்ள. ஸ்டைபண்ட்ல இருந்து கட்ட முடியுற தொகைதான். இந்த 1 வருஷ இடைவெளிலயும் வட்டி ஏறிக்கிட்டே தான் இருக்கும், அதை மட்டும் மாசா மாசம் கட்டிடுங்க, இல்லன்னா அது அசலோட சேந்துடும். அப்படி ஒழுங்கா கட்டினா சில பேங்க்ல வட்டில 1 சதவீதம் குறைப்பாங்க, உங்க பிராஞ்ச்ல கேளுங்க. இந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதி அப்பா முன்னாடி வைங்க. சும்மா "பாத்துக்கலாம்பா"ன்னு சொன்னா எந்த அப்பாவும் ஒத்துக்க மாட்டாரு.

இன்னொண்ணு, எஸ்பிஐ பேரைச் சொல்லி ரிஜிஸ்ட்ரேஷன் பீஸ், டெபாசிட்னு யாராவது போன்ல கேட்டா ஒரு பைசா அனுப்பாதீங்க. அப்ளை பண்றதுக்கு காசு கிடையாது.

செஞ்சி_பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவ படிச்சேன். உதய்பூர் அண்ணா, நீங்க கேட்ட மாதிரி யோசிச்சுப் பாத்தேன். எங்க ஊர்ல மல்லாட்ட (வேர்க்கடலை) புடுங்குற சீசன் வந்தா பிள்ளைங்க பாதிப் பேரு வர மாட்டாங்க, அம்மா கூட நிலத்துக்கு போயிடுவாங்க, செடியில இருந்து காயை ஆயறதுக்கு கூலி. அப்ப நான் கிளாஸை அந்தக் களத்து மேட்டுக்கே கொண்டு போனேன், ஆஞ்ச மல்லாட்டையையே பத்து பத்தா குவிச்சு வச்சு கடன் வாங்கிக் கழித்தல் சொல்லிக் குடுத்தேன், நாலாவது படிக்கிற ஒரு பையன் அது வரைக்கும் 42ல இருந்து 17 போனா 35ன்னு தான் எழுதுவான், ரெண்டுல ஏழு போகாதுன்னு திருப்பி ஏழுல ரெண்டு எடுத்துடுவான். குவியலைப் பிரிச்சுப் பாத்ததும் தான் அவனுக்கு 25ன்னு புரிஞ்சது. பக்கத்துல காய் ஆஞ்சுகிட்டு இருந்த அம்மாக்களும் ரெண்டு மூணு பேரு கேட்டுகிட்டே இருந்தாங்க, கூலிக் கணக்கு சரியா இருக்கான்னு என்கிட்ட கேக்க ஆரம்பிச்சாங்க. இதெல்லாம் எழுதலாமா? சின்ன விஷயமா இருக்காதா?

உதய்பூர்_ரிட்டர்ன்:
தங்கச்சி, இதை அப்படியே எழுது, ஒரு வார்த்தை அலங்காரம் பண்ணாத. அந்தப் பையன் 35ன்னு எழுதினதையும் போடு. கூலிக் கணக்கு கேட்ட அம்மாக்களை பத்தி ரெண்டு வரி கூட எழுது, ஏன்னா இன்டர்வியூல "அங்க போய் என்ன ப்ராஜெக்ட் பண்ணுவ"ன்னு கேட்டா உனக்கு பதில் அங்கதான் கிடக்குது, கூலிக்கு போற பெண்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கலாம்னு நீ சொன்னா அது நீ கண்ணால பாத்த தேவை. முதல்ல தமிழ்ல எழுதி முடி, அப்புறம் எளிமையான இங்கிலீஷ்ல மாத்து, டீச்சர் அக்காகிட்ட காட்டி திருத்திக்கோ.

சேத்துப்பட்டு_டீச்சர்:
கண்டிப்பா அனுப்பும்மா, நான் பாக்குறேன். உங்க ஊர் ஸ்கூல் ஹெச்எம்கிட்ட நீ இல்லம் தேடிக் கல்வி எடுத்ததுக்கு ஒரு லெட்டர் இப்பவே வாங்கி வச்சுக்கோ, அவங்க ட்ரான்ஸ்பர் ஆகி போயிட்டா அப்புறம் அலையணும். அப்பாவையும் ஒரு நாள் என்கிட்ட போன்ல பேசச் சொல்லு, பொண்ணை தனியா அனுப்ப பயம் இருக்கும்ல, தங்குற இடம், கூட இருக்கிறவங்க பத்தி அவர் கேக்குறதுக்கெல்லாம் நான் பதில் சொல்றேன்.