சங்காய மூட்டைக்குள் ஒரு வஞ்சிரம்

கொண்டலாம்பட்டி:
நாமக்கல் ரோட்டில் ஒரு கோழித்தீவன ஆலையில் கணக்கெழுதினேன். ராமேஸ்வரம் பக்கமிருந்து லாரியில் சங்காயம் வரும், தீவனத்தில் அரைத்துச் சேர்க்கிற காய்ந்த கழிவு மீன். ஒருநாள் எடை போடும்போது மூட்டை ஒன்று கிழிந்து கொட்டியது. காரல், நண்டுக்கால், நடுவில் விரல் நீளத்தில் ஒரு வஞ்சிரம். காய்ந்தும் வால் அப்படியே கத்தரி மாதிரி விரிந்திருந்தது. “ஏனுங்ணா, மீனே பாத்ததில்லையா?” என்றான் லோடு இறக்கும் பையன். விளக்குமாற்றால் தள்ளிவிட்டோம். இதெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது. முட்டை உடைக்கும்போது இன்னும் அந்த வால்தான்.

அம்மாபேட்டை:
எனக்கு அப்படி உறுத்துவது கானாங்கெளுத்தி. போன மே மாதம் வாங்கியதைப் பையன் ஸ்கேல் வைத்து அளந்தான். 12 செ.மீ. கேரளத்தில் 14-க்குக் குறைந்தால் பிடிக்கவே கூடாது, மத்திக்கு 10. கடைக்காரரிடம் கேட்டதற்கு “முள்ளு பஞ்சாட்டம் இருக்கும்க்கா” என்றார். மறுபடியும் அரைக் கிலோ வாங்கினேன், அதுதான் உறுத்தல். தடைக்காலத்தில் எப்படி வந்தது?

ஏற்காடு:
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான் அக்கா, நாட்டுப்படகு போகும். எந்தக் கணக்கிலும் வராது என்று கொண்டலாம்பட்டி அண்ணன் சொன்னதும் சரியில்லை. பாக் விரிகுடாவில் படகுகள் மீன் இறக்கும் ஒரு தளத்தில் மீன் கணக்கெடுப்புக்கு உதவி ஆளாக இருந்தேன். எல்லாப் படகையும் எண்ண முடியாது. சில நாள், சில படகு என்று எடுத்து, சங்காயக் குவியலிலும் ஒரு கூடை அள்ளி, இனம் பிரித்து, அளந்து, மொத்தப் படகுக்கும் பெருக்குவோம். ஒரு ராத்திரி வயதான படகு டிரைவர் ஒருவர் என் நோட்டைப் பார்த்துவிட்டு, “பெட்டிய எண்ணுறீங்க தம்பி, டீசல எண்ணுனீங்களா?” என்றார். அதே பத்துப் பெட்டிக்கு முன்பைவிட ஒரு பொழுது கூடுதலாக வலை இழுத்திருக்கிறார். மீன் குறைவது பெட்டியில் தெரியாது, இழுத்த மணிக்கணக்கில்தான் தெரியும். என் நோட்டில் அந்தக் கட்டம் பாதி நாள் காலி.

மேட்டூர்:
பரிசலில் ஒருமுறை போனேன், ஒரு ஜிலேபி மீன்கூட மாட்டவில்லை. என் கதை அவ்வளவுதான். ஆனால் எல்லோரும் கடல்மீனை விட்டுவிட்டு டேம் மீனுக்கு வாருங்கள். கட்லா வாங்கினால் செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். வயிற்றை அழுத்தினால் குழி விழக் கூடாது. மண்வாடைக்கு மஞ்சளும் கல்லுப்பும் போட்டு இரண்டு தண்ணீர் கழுவுங்கள். புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள். குழம்பை மறுநாள் சாப்பிடுங்கள்.

அம்மாபேட்டை:
குழம்பு வைக்க எனக்குத் தெரியும்ங்ணா. அந்த ஸ்கேலைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை, ஜாமெட்ரி பாக்ஸ் முழுக்க மீன்வாடை.