ஊரடங்கு மாதங்களை ஆசையாக நினைத்துப் பார்ப்பது தவறா?

மொட்டைமாடி_ஆதம்பாக்கம்:

வணக்கம். ஒரு வாரமாக மனதில் கிடந்து உறுத்துகிற ஒன்றைக் கேட்கிறேன்.

போன வாரம் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது பேச்சு எப்படியோ கொரோனா காலத்துக்குப் போனது. நான் யோசிக்காமல், "2020இல் வீட்டுக்குள்ளேயே கிடந்தோமே, அந்த ஆறு மாதம் மாதிரி எங்கள் வீட்டுக்கு இனி ஒரு காலம் வராது" என்று ஆசையாகச் சொல்லிவிட்டேன். எதிரில் இருந்த தோழி பாதிச் சாப்பாட்டில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருடைய அண்ணன் இரண்டாம் அலையில் இறந்துபோனவர். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

ஆனால் நான் சொன்னது பொய் இல்லை. என் மாமியார் கண்புரை ஆபரேஷனுக்காக அந்த மார்ச் மாதம் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். 25ஆம் தேதி நெல்லை எக்ஸ்பிரஸில் திரும்பிப் போக டிக்கெட் எடுத்திருந்தோம். 22ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, அதோடு ரயிலும் நின்றது. அப்புறம் 21 நாள் என்றார்கள், மே 3 என்றார்கள், மே 17 என்றார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி மாநிலத்துக்குள் ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அவரால் ஊருக்குப் போக முடிந்தது. இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில் நான்கு பேர். எனக்கும் அத்தைக்கும் அதுவரை பெரிய ஒட்டுதல் கிடையாது. கல்யாணமாகி பத்து வருடத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் ஒரே வீட்டில் இருந்ததில்லை.

என் கணவருக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. காலை ஏழுக்குக் கிளம்பினால் இரவு ஒன்பதரைக்குத்தான் வருவார். மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. தூங்கும்போது போய் தூங்கும்போது வருகிற அப்பா பகலெல்லாம் வீட்டில் இருப்பதை நம்பாமல், முதல் நாலைந்து நாள் காலையில் எழுந்ததும் வாசலில் அவர் செருப்பு கிடக்கிறதா என்றுதான் போய்ப் பார்த்தான். இரண்டு மாதம் பாதிச் சம்பளம்தான். வீட்டு உரிமையாளர் வாடகையைத் தள்ளிக் கொடுக்கச் சம்மதித்தார், அதனால் சமாளித்தோம்.

அத்தை மொட்டைமாடி சிமெண்ட் தரையில் புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்துத் தேய்த்து எடுத்தார். சாக்பீஸில் கட்டம் போட்டு எங்கள் எல்லோருக்கும் தாயம் கற்றுக்கொடுத்தார். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால் என் மகன் மூன்று நாள் ஒரு காயைக்கூட இறக்க முடியாமல் அழுதான், ஆச்சி தனக்கு விழுந்த தாயத்தை அவனுக்குக் கொடுத்துவிடுவார். ஏப்ரல், மே வெயிலில் கூழ் வத்தல் போட்டோம். நான் கூழ் கிண்ட, அவர் பழைய வேட்டியை விரித்து ஊற்ற, இவர் காக்காய் ஓட்ட.

ஜூன் 21ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் எந்தத் தளர்வும் இல்லாத முழு ஊரடங்கு. அன்றைக்குத்தான் சூரிய கிரகணமும். அட்டையில் ஊசியால் துளை போட்டு நிழல் பக்கம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தெருவில் ஒரு வண்டிச் சத்தம் இல்லை. தாளில் விழுந்த வெளிச்சப் பொட்டின் ஓரத்தை யாரோ கடித்த மாதிரி இருந்தது. அத்தை கிரகணத்தில் வெளியே வரவே மாட்டார், அன்றைக்குப் பேரன் கூப்பிட்டான் என்று மாடிப்படியில் உட்கார்ந்து தாளை மட்டும் பார்த்தார். அவர் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இதையெல்லாம் ஆசையாக நினைப்பது தவறா? தோழியிடம் நான் என்ன சொல்ல வேண்டும்? அப்புறம் இன்னொன்று. மகன் இப்போது எட்டாவது படிக்கிறான், இவர் மறுபடி ஒன்பதரைக்குத்தான் வருகிறார். அன்றைக்குக் கிடைத்ததில் எதையாவது யாராவது இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறீர்களா?

வைகைக்கரை:

தவறில்லை அக்கா. நான் அப்பாவைப் பறிகொடுத்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

எங்களுக்கு மதுரை. 2020 மே 4, மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் யாரும் இல்லாமல் நடந்தது, நேரலையில் பார்த்தோம். அம்மா டிவி முன்னால் மனைப்பலகை போட்டு உட்கார்ந்து, அங்கே தாலி ஏறிய நேரத்தில் தன் தாலிக்கயிற்றை மாற்றிக்கொண்டார். மூன்று நாள் கழித்து, மே 7, சித்ரா பௌர்ணமி. அழகர் ஆற்றில் இறங்குவது அந்த வருடம் ரத்து. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா அதைத் தவறவிட்டதே இல்லை, இரவெல்லாம் ஆற்றங்கரையில் நின்றுவிட்டு மறுநாள் மதியம்தான் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு விடியற்காலை நான்கு மணிக்கு மாடியில் ஏதோ சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், குளித்து, புது வேட்டி கட்டி, செம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலை சுற்றி, சூடம் ஏற்றி, ஆறு இருக்கிற திசையைப் பார்த்துத் தனியாக நிற்கிறார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, செம்பை என் கையில் கொடுத்தார். திருவிழாக் கூட்டத்தில் முப்பது வருடம் அவரோடு போயிருக்கிறேன், அவர் சாமி கும்பிடும் முகத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

அடுத்த வருடம் மே மாதம் போய்விட்டார். ஆக்சிஜன் படுக்கைக்காக ஆம்புலன்ஸில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் வரக்கூடாது. நல்லது கெட்டது என்று ஒரு வீடு விடாமல் போய் நின்ற மனிதருக்கு இருபது பேர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அந்தக் கோபம் வரும் இரவுகளில் நான் நினைத்துக்கொள்வது அந்தச் சர்க்கரைச் செம்பைத்தான். ஊரடங்கு இல்லாவிட்டால் அது எனக்குக் கிடைத்திருக்காது. இரண்டும் ஒரே நோய் கொடுத்தவை, நான் என்ன செய்ய?

உங்கள் தோழியிடம் மன்னிப்பு கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அண்ணன் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். எப்படிச் செத்தார் என்று எங்களிடம் எல்லோரும் கேட்டார்கள். எப்படி இருந்தார் என்று கேட்டவர்கள் குறைவு.

இரவுப்பணி:

நான் ஸ்டாஃப் நர்ஸ். அந்த நாட்களில் எனக்கு ஒரு வாரம் கொரோனா வார்டு, அடுத்த வாரம் விடுதி அறையில் தனிமை, அப்புறம் மறுபடி வார்டு. என் மகளுக்கு நான்கு வயது. விடுதி இருந்த தெருவுக்குக் கணவர் அவளை வண்டியில் கூட்டி வருவார், நான் மூன்றாம் மாடி பால்கனியில் நிற்பேன். தான் வரைந்த படத்தை அவள் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பாள், அங்கிருந்து எனக்கு ஒன்றும் தெரியாது, "சூப்பர்" என்று கத்துவேன். கவச உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றதெல்லாம் மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

நீங்கள் சந்தோஷமாக இருந்தது எனக்கு வருத்தம் இல்லை தோழி, உண்மையாகச் சொல்கிறேன். வீட்டில் இருங்கள் என்று கெஞ்சியதே நாங்கள்தான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆறு மாதத்தைப் பற்றிச் சொல்லும்போது, விடியற்காலையில் பால் பாக்கெட் போட்டவரையும், தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிய தூய்மைப் பணியாளரையும், கேஸ் சிலிண்டரைத் தூக்கி வந்தவரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டுக்குள் இருக்கவில்லை. மார்ச் 22 சாயங்காலம் கைதட்டினீர்கள், நல்லது. ஆனால் என் மனது நிறைந்தது பக்கத்து வீட்டு அக்காவால். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் என் மகளுக்கு ரசம் சாதம் பிசைந்து கொடுத்து அனுப்பினார். இன்று அந்த அக்காவுக்கு முழங்கால் வலி, அவர்களுக்கு ரேஷன் வாங்கி வருவது நான்தான். உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

நாலுதறி:

பல்லடம் பக்கம், கூலிக்கு ஓட்டும் விசைத்தறி. எனக்கு அதைச் சந்தோஷமான காலம் என்று சொல்ல வராது. தறி நின்றால் கூலி இல்லை. ரேஷன் அட்டைக்கு 1000 ரூபாயும் அரிசியும் வந்தது, அதை வைத்து எத்தனை நாள்? மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில் எழுதிக்கொண்டே போனார், ஒரு நாள்கூட வாய் திறந்து கேட்கவில்லை. முழுசாக அடைக்க எனக்கு 2022 பொங்கல் ஆனது.

இருந்தாலும் நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் வீடும் தறிக்குடோனும் ஒரே சுவர். இருபத்து நாலு மணி நேரமும் சத்தம், அதனால் எங்கள் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் கத்தித்தான். தறி நின்று ஒரு வாரம் இருக்கும். இரவில் அம்மா என் சின்ன மகளைத் தூங்கவைக்க மெதுவாக ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அம்மா பாடுவார் என்று எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது. நானும் மனைவியும் அடுப்படியில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கப்புறம் நாங்களும் குரலைத் தாழ்த்திப் பேசினோம், கடன் பற்றிப் பேசும்போதும்கூட.

இப்போது தறி ஓடுகிறது, ஓட வேண்டும். அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அன்றைக்கு இரவு மட்டும் டிவி போடுவதில்லை. அம்மா பாடினால் பாடுவார், இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்போம்.

துபாய்_ராம்நாடு:

2020 ஏப்ரலில் ராமநாதபுரத்தில் என் மகன் பிறந்தான், நான் துபாயில் எட்டுப் பேர் இருக்கும் அறையில். வந்தே பாரத் விமானத்தில் எனக்கு இடம் கிடைக்க ஜூலை ஆகிவிட்டது, வந்தும் தனிமைப்படுத்தல். கைபேசியில் அவன் முகத்தைப் பார்த்து அறையில் இருந்த எட்டுப் பேரும் அழுதோம், அதில் இரண்டு பேர் மலையாளி, ஒருவர் வங்காளதேசம். அவர்கள் மூவருக்கும் ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளுக்கு வீடியோ கால் போட்டுவிடுவேன், சகோதரி.

மொட்டைமாடி_ஆதம்பாக்கம்:

எல்லோருக்கும் நன்றி. இரவுப்பணி தோழி, நீங்கள் சொன்னது சுருக்கென்று பட்டது, சரியாகவும் பட்டது. எங்கள் தெருவில் குப்பை எடுத்த அம்மாவுக்கு அத்தை தினமும் டம்ளரில் மோர் வைப்பார், அதை நான் எழுதவே இல்லை பாருங்கள். அந்த அம்மா இப்போது வேறு வார்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன், போய்ப் பார்க்கப் போகிறேன்.

தோழியிடம் நேற்றுப் பேசினேன். வைகைக்கரை சொன்ன மாதிரியே கேட்டேன், அண்ணன் எப்படிப்பட்டவர் என்று. முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஆரம்பித்தவர் பேருந்து நிறுத்தத்தில் மூன்று பேருந்துகளை விட்டுவிட்டுப் பேசினார். அண்ணன் நன்றாக மிமிக்ரி செய்வாராம். முதல் ஊரடங்கில் தினமும் இரவு ஒன்பது மணிக்குக் குடும்பத்துக்கே வாட்ஸ்அப்பில் குரல் செய்தி போட்டுச் சிரிக்கவைப்பாராம். அதில் பதினேழு இன்னும் தோழியின் போனில் இருக்கின்றன. ஒன்றைப் போட்டுக் காட்டினார், அவரே முதலில் சிரித்தார்.

இவரிடமும் பேசினேன். ஞாயிறு சாயங்காலம் போனை உள்ளே வைத்துவிட்டுத் தாயம் ஆடலாம் என்று முடிவு. மகன் ஆச்சிக்கு போன் போட்டு, அந்தப் புளியங்கொட்டைகள் எங்கே என்று கேட்டான். ஊருக்குக் கொண்டுபோய் அஞ்சறைப்பெட்டியில் வைத்திருக்கிறாராம்.

வைகைக்கரை:

மனது லேசானது அக்கா. அப்படியே அத்தையிடம் கேட்டு அந்தக் கூழ் வத்தல் அளவைச் சொல்லுங்கள். அம்மா இப்போது தனியாக இருக்கிறார், இந்த வெயிலுக்கு அவரோடு சேர்ந்து போடலாம் என்று பார்க்கிறேன்.

மொட்டைமாடி_ஆதம்பாக்கம்:

ஒரு படி இட்லி அரிசிக்கு ஒரு ஆழாக்கு ஜவ்வரிசி. அரிசியை நைசாக அரைத்து, ஜவ்வரிசியைத் தனியாக ஊறவைத்துச் சேர்க்க வேண்டும். பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம். கிண்டும்போது கையை எடுக்கவே கூடாது, கண்ணாடி மாதிரி வந்ததும் இறக்கிவிட்டு எலுமிச்சைச் சாறு. உப்பு மட்டும் கூழில் கொஞ்சம் குறைவாகத் தெரியட்டும், காய்ந்ததும் தூக்கிக் கொடுக்கும் என்று அத்தை இரண்டு தடவை சொன்னார். முதல் நாள் திருப்பக் கூடாது. சாயங்காலம் துணியோடு உள்ளே எடுத்துவிட்டு, மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்க வேண்டும். காக்காய்க்கு நீங்கள்தான் உட்கார வேண்டும், அம்மாவை வெயிலில் விடாதீர்கள்.