சுவரில் ஒட்டியிருந்த சேவைக் கட்டணத் தாள்

உழைப்பவரை நன்றாக வைத்திருந்தால் தொழில் செழிக்குமா, முதல் போட்டவருக்கு இலாபத்தை முந்திக் கொடுத்தால் செழிக்குமா? திருகோணமலையில் வேலை செய்தவர்கள் தாங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

நிலாவெளியிலிருந்து

இரண்டு கடற்கரை விடுதிகளில் கணக்கெழுதியிருக்கிறேன். முதலாவது நாலு பங்காளிகளுடையது. ஒருவரும் இங்கே இருப்பதில்லை. அரையாண்டுக்கு ஒரு முறை இலாபப் பங்கு அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

உல்லாசப் பயணிகளின் பில்லில் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்போம். அது ஊழியருக்குப் பிரிக்க வேண்டிய பணம். யாருக்கு எத்தனை புள்ளி, புள்ளிக்கு எத்தனை ரூபாய் என்று மாதமுடிவில் தாளில் எழுதிச் சமையலறைக் கதவோரச் சுவரில் ஒட்டுவேன். சீசன் மாதங்களில் சிலருக்கு அது அடிப்படைச் சம்பளத்தையும் தாண்டும். ரொட்டி போடுபவர் மாவுக் கையோடு வந்து விரலால் தன் பெயரைத் தேடுவார். தாளின் ஓரமெல்லாம் மா படிந்திருக்கும்.

புதிய முகாமையாளர் வந்தார். முதலில் 'உடைவு, சேதம்' என்று கொஞ்சம் கழித்தார். பிறகு எல்லோருக்கும் ஒரே தொகை என்றார். கடைசியில் தாளே ஒட்ட வேண்டாம் என்றார். கழித்த பணம் இலாபக் கணக்கில் ஏறியது. அந்த வரியை எழுதியது என் கை. இன்றும் அதை நினைத்தால் மனம் சுடுகிறது. பங்காளிகளுக்கு மகிழ்ச்சி.

அடுத்த சீசன் நடுவில் சமையற்காரர் பாசிக்குடாவுக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே அறை துப்புரவாக்கும் பெரியவரும் நின்றுவிட்டார். அவர் செய்துவந்த ஒரு வேலை, அவர் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. விருந்தினர் வரும் முன் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, துருத் தண்ணீர் ஓடித் தெளியும்வரை பக்கத்திலேயே நிற்பாராம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உப்புக் காற்றில் குழாய் துருப்பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பின்னால் வந்த பையன் நன்றாகத்தான் கூட்டித் துடைத்தான், குழாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் முதலில் கண்டது செம்மண் நிறத் தண்ணீர். 'அழுக்கான விடுதி' என்று இணையத்தில் எழுதினார்கள். முன்பதிவு குறைந்தது. அந்த நட்டத்தை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

இரண்டாவது விடுதி சிறியது, 12 அறைகள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது முதலாளி எங்களைச் சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து வங்கிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். "இவ்வளவுதான் இருக்கிறது. பாதிச் சம்பளம் தருகிறேன், யாரையும் நிறுத்த மாட்டேன்" என்றார். எங்கள் ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்குக் கட்டுவதும் தவறவில்லை. இடையில் அவர் மனைவியின் நகை அடகுக்குப் போனது. 2022இல் எரிவாயு இல்லை, டீசல் இல்லை. எங்கள் சமையற்கார அக்கா வீட்டிலிருந்து கல்லும் விறகும் கொண்டுவந்து பின்முற்றத்தில் அடுப்பு மூட்டினார். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள் இருந்தார்கள். வந்த விருந்தினருக்கு ஒரு வேளைச் சாப்பாடும் தவறவில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்த இரண்டு ஆண்டும் முதலாளிக்குச் சல்லிக்காசு இலாபமில்லை. நல்ல மனம் இருந்தது உண்மை; ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பங்கு கேட்கும் ஆள் அவருக்கு இருக்கவில்லை. பணம் போட்டவரால் எவ்வளவு காலம் பொறுக்க முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மூதூரிலிருந்து

தங்கச்சி எழுதிய தாளைப் படித்ததும் வாப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் கரைவலை இழுத்தவர். மீனை விற்றதும் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி மணலில் சாக்கை விரித்துக் காசைக் கொட்டுவார். எல்லோர் கண்முன்னும் செலவைக் கழித்து, வலைக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார். மீன்பாடு குறைந்தால் எல்லோருக்கும் குறையும். அதனால் வலை கிழிந்தால் கூலி கேளாமல் உட்கார்ந்து பொத்துவார்கள்.

ஆனால் வாடைக் காலத்தில் வலை கரையோர வாடிக் கொட்டிலுக்குள் முடங்கும்போது சம்மாட்டி முற்பணம் தருவார். அதில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அந்தக் கடன் தீராததால் வாப்பாவால் வேறு வாடிக்குப் போக முடியவில்லை. சம்மாட்டி நல்ல மனிதர், பெருநாளுக்கு உடுப்பும் எடுத்துத் தருவார். வாப்பா அவரைக் குறை சொன்னதே இல்லை. ஆனாலும் எங்களை இழுக்க அனுப்பவில்லை, பள்ளிக்கூடம் அனுப்பினார். நன்றாக நடத்தினாரா என்று கேட்பதோடு, விட்டுப் போக வழி இருந்ததா என்றும் கேளுங்கள்.

உவர்மலையிலிருந்து

தனியார் நிறுவனத்தில் 26 ஆண்டு வேலை செய்து ஓய்வுபெற்றவன். எங்கள் கிளையைத் தனிக் கம்பனியாகப் பதிந்து, பதிவேட்டில் 14 பேருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேரிலிருந்துதானே பிடிக்கும். 15ஆவது ஆள் எப்போதும் 'தற்காலிகம்'. ஐந்து ஆண்டு கடந்தவர் வேலையை விடும்போது, உழைத்த ஆண்டு ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதுதான் பணிக்கொடை. அதைக் கொடுக்காமலிருக்க இத்தனை பாடு. வேலை பழகிய பையன்கள் நிரந்தரமில்லை என்று கண்டதும் கட்டாருக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் புதியவனுக்கு முதலிலிருந்து பழக்கியவன் நான்.

ஆயினும் பங்குதாரரை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நம் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் சேர்ந்த சேமலாப நிதியில் ஒரு சிறு பகுதி கம்பனிப் பங்குகளில் இருக்கிறது. அந்த அளவுக்கு நானும் பங்குதாரன்தான்.

இந்தச் சச்சரவும் புதிதல்ல. ஆட்கள் நிற்காமல் ஓடியதால் அமெரிக்கக் கார் தொழிலதிபர் ஹென்றி ஃபோர்ட் 1914இல் நாட்கூலியை ஐந்து டாலராக்கினார், ஏறக்குறைய இரட்டிப்பு. ஆட்கள் நின்றார்கள், இலாபமும் குவிந்தது. பிறகு அவர் சிறப்பு இலாபப் பங்கை நிறுத்திப் பணத்தைத் தொழிற்சாலை விரிவாக்கத்தில் போட முனைந்தபோது, 10 வீதப் பங்கு வைத்திருந்த டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். 1919இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், கம்பனி முதன்மையாகப் பங்குதாரரின் இலாபத்துக்கே நடத்தப்படுவது என்று சொல்லி, பங்கைக் கொடுக்க உத்தரவிட்டது. நிலாவெளிப் பிள்ளை சொன்ன அந்தப் பொறுமையின்மைதான் அங்கேயும்.

நிலாவெளியிலிருந்து மீண்டும்

உவர்மலை ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இன்று முதலாளியிடமே கேட்டேன்: "ஐயா, அப்போது உங்களுக்கும் நாலு பங்காளிகள் இருந்திருந்தால்?" சிறிது நேரம் பேசாமலிருந்தார். "அவர்களையும் அதே சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து அதே புத்தகத்தைக் காட்டியிருப்பேன். அதற்கு மேல் என் கையில் என்ன இருக்கிறது, பிள்ளை?" என்றார். பிறகு இந்த மாதச் சேவைக் கட்டணத் தாள் ஏன் இன்னும் ஒட்டவில்லை என்று கேட்டார். ஒட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.