ஜோக்கரும் மார்வெல் வில்லன்களும் நேருக்கு நேர் சந்தித்ததுண்டா?

சித்திரக்கதை வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். டிசி, மார்வெல் ஆகிய இரு அமெரிக்கச் சித்திரக்கதை நிறுவனங்களின் நாயகர்களும் ஒரே கதையில் தோன்றியிருக்கிறார்கள் என்பதை அறிவேன். டிசியின் ஜஸ்டிஸ் லீகும் மார்வெலின் அவெஞ்சர்ஸும் மோதிக்கொள்ளும் நான்கு பாகக் கதையை அண்மையில்தான் நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் படித்து முடித்தேன். என் ஐயம் வில்லன்களைப் பற்றியது. நாயகர்கள் முதலில் ஒருவரையொருவர் தவறாக எண்ணி அடித்துக்கொள்வார்கள், பிறகு கைகுலுக்கிவிடுவார்கள். வில்லன்களைச் சேர்த்துவைக்க அப்படி ஒரு பொது நோக்கம் கிடையாதே? சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரோ, பேட்மேனின் எதிரி ஜோக்கரோ மார்வெல் வில்லன்களோடு கூட்டுச் சேர்ந்த கதைகள் உண்டா, அந்தக் கூட்டு எவ்வளவு தூரம் நீடித்தது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். கூடவே, இவர்கள் எல்லோரும் ஒரே உலகில் வாழ்பவர்களாகக் காட்டப்படுகிறார்களா, வேறு பிரபஞ்சத்திலிருந்து கடந்து வருகிறார்களா என்பதையும் யாரேனும் விளக்கினால் மகிழ்வேன்.

பழைய இதழ்கள்:

நீங்கள் கேட்பதற்கான விடை, இரு தரப்பு நாயகர்களும் முதன்முதலில் சந்தித்த கதையிலேயே இருக்கிறது. 1976-இல் ஜெர்ரி கான்வே எழுத, ராஸ் ஆண்ட்ரு வரைய, பெரிய அளவுத் தாளில் இரண்டு டாலர் விலையில் வெளிவந்த சூப்பர்மேன்–ஸ்பைடர்மேன் கதையில், லூதரும் டாக்டர் ஆக்டோபஸும் தத்தம் எதிரியிடம் தோற்று ஒரே சிறையில் அடைக்கப்படுகிறார்கள். இருவரும் விஞ்ஞானிகள், இருவரும் தங்கள் அறிவை உலகம் மதிக்கவில்லை என்று குமுறுபவர்கள். ஆகவே பழகிக்கொள்ள அதிக நேரம் தேவைப்படவில்லை, சேர்ந்தே தப்பித்துவிடுகிறார்கள்.

நாயகர்கள் மோதும் இடத்தில்கூட லூதரின் கை இருக்கிறது. ஸ்பைடர்மேன் குத்தி சூப்பர்மேன் தள்ளாடினார் என்றால் எந்த வாசகர் ஒப்புக்கொள்வார்? அதற்காகவே லூதர் மறைந்திருந்து, சூப்பர்மேனின் ஆற்றலை ஒடுக்கவல்ல சிவப்புச் சூரியக் கதிரை ஸ்பைடர்மேன் மீது பாய்ச்சுகிறான். அந்தக் கதிரின் வலு தீரும்வரைதான் சண்டை சமமாக நடக்கிறது. இந்தக் கணக்கைக் கான்வே விட்டுவிடாமல் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

கூட்டு முறியும் இடம் அதைவிடச் சிறப்பு. விண்வெளியிலிருந்து பெரும்புயலை ஏவி உலகையே மிரட்டும் திட்டத்தில், மிரட்டலோடு நிற்காமல் பூமியை உண்மையிலேயே அழிக்கவும் லூதர் துணிந்துவிட்டான் என்று புரிந்ததும், ஆக்டோபஸ் அவனுக்கு எதிராகத் திரும்பி அந்தக் கருவிகளை அடித்து நொறுக்குகிறான். கொள்ளையடித்த பணத்தைச் செலவழிக்க ஓர் உலகம் வேண்டுமல்லவா?

கோதம் வாசி:

லூதரைப் பற்றி மேலே நண்பர் எழுதிவிட்டார். ஜோக்கரைப் பற்றி நான் சொல்கிறேன்.

1981-இல் லென் வெய்ன் எழுதிய பேட்மேன்–ஹல்க் கதையில், உலகங்களின் வடிவத்தையே மாற்றும் ஆற்றல் கொண்ட ‘ஷேப்பர் ஆஃப் வோர்ல்ட்ஸ்’ என்னும் மார்வெல் பாத்திரத்தோடு ஜோக்கர் பேரம் பேசுகிறான். 1994-இல் வந்த பனிஷர்–பேட்மேன் கதையில் அவனுக்குக் கூட்டாளி, முகமெல்லாம் தையல் வடுக்கள் கொண்ட ஜிக்சா. இந்த இரண்டாவது கதையில் கூட்டணியைவிட நினைவில் நிற்பது வேறு ஒரு காட்சி: கொல்லவே மாட்டேன் என்ற பேட்மேனின் விரதத்தை நம்பியே பிழைத்துவந்த ஜோக்கர், அப்படி எந்த விரதமும் இல்லாத பனிஷரின் துப்பாக்கி முனையில் நிற்கிறான். பேட்மேன் குறுக்கே வந்து தடுத்திராவிட்டால் அன்றோடு அவன் கதை முடிந்திருக்கும்.

1995-இல் ஜே. எம். டிமேட்டிஸ் எழுதி மார்க் பேக்லி வரைந்த ஸ்பைடர்மேன்–பேட்மேன் கதையில் ஜோக்கரோடு சேர்வதற்கு ஸ்பைடர்மேனின் எதிரி கார்னேஜ் வருகிறான். இருவரையும் பைத்தியக்காரக் கொலைகாரர்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம், ஆனால் இருவரும் ஒரே இரகம் அல்லர் என்பதுதான் அந்தக் கதையின் உயிர். ஜோக்கருக்குக் கொலை என்பது மேடை நாடகம். திட்டம் வேண்டும், காத்திருப்பு வேண்டும், கடைசியில் கைதட்டலுக்குரிய ஒரு முடிவு வேண்டும். கார்னேஜுக்கோ எதிரே நிற்பவரை இந்த நொடியே கொன்றாக வேண்டும். ஆகவே கூட்டு அன்றே உடைந்துவிடுகிறது.

இவை எல்லாவற்றையும்விட நான் பரிந்துரைப்பது, ஜான் பைர்ன் 1996-இல் தாமே எழுதி வரைந்த பேட்மேன்–கேப்டன் அமெரிக்கா கதை. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் கட்டமான 1945-இல் நடக்கும் இக்கதையில், அணுகுண்டைக் களவாடித் தருமாறு கேப்டன் அமெரிக்காவின் எதிரி ரெட் ஸ்கல் ஜோக்கரை அமர்த்துகிறான். ரெட் ஸ்கல்லின் நாஜிக் கோலம் வெறும் வேடம் என்றுதான் ஜோக்கர் கடைசி வரை எண்ணிக்கொண்டிருக்கிறான். அது வேடமன்று, தன்னை வேலைக்கு வைத்தவன் உண்மையான நாஜி என்று தெரிந்த கணமே கொதித்தெழுந்துவிடுகிறான். தான் குற்றவாளி, பைத்தியக்காரன் என்றாலும் அமெரிக்கக் குற்றவாளி, அமெரிக்கப் பைத்தியக்காரன் என்பது அவன் வாதம். இறங்கவே கூடாத ஒரு படி ஜோக்கருக்கும் உண்டு என்று அந்த ஒரு பக்கத்தில் பைர்ன் காட்டிவிட்டார். வில்லன்கள் சந்திக்கும் கதைகளில் இதற்கு இணையாக நான் எதையும் படித்ததில்லை.

பல்லுலகப் பயணி:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, எந்த ஆண்டுக் கதை என்பதைப் பொறுத்தது. 1976 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான கதைகளில் எல்லோரும் ஒரே பூமியில்தான் வாழ்கிறார்கள். சூப்பர்மேனின் மெட்ரோபோலிஸும் ஸ்பைடர்மேனின் நியூயார்க்கும் ஒரே வரைபடத்தில் உள்ள ஊர்கள், இவர்கள் இதுவரை சந்திக்க வாய்க்கவில்லை, அவ்வளவுதான். எந்த விளக்கமும் தராமல் கதையைத் தொடங்கிவிடுவார்கள். 1982-இல் வந்த எக்ஸ்-மென்–டீன் டைட்டன்ஸ் கதையும் இவ்வகையே. டிசி வில்லன் டார்க்சைட், இறந்துபோன மார்வெல் பாத்திரமான டார்க் ஃபீனிக்ஸை மீண்டும் எழுப்புவது அதில்தான்.

1996-இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து வெளியிட்ட நான்கு இதழ்த் தொடரில் இந்த நிலை மாறியது. அங்கே இரு பிரபஞ்சங்களும் தனித்தனி. ஐந்து முக்கியச் சண்டைகளின் முடிவை வாசகர்களே வாக்களித்துத் தீர்மானித்தார்கள். மார்வெலின் வோல்வரின் டிசியின் லோபோவை வென்றதும், மார்வெலின் ஸ்டார்ம் டிசியின் வொண்டர் வுமனை வென்றதும் அப்படி வந்த தீர்ப்புகளே. வலிமையைப் பார்க்காமல் செல்வாக்கைப் பார்த்து அளித்த வாக்குகள் என்பது என் கருத்து. லோபோவின் ஆற்றலை அறிந்தவர் யாரும் அந்த முடிவை ஏற்கமாட்டார்.

நீங்கள் படித்த ஜஸ்டிஸ் லீக்–அவெஞ்சர்ஸ் கதையும் தனித்தனிப் பிரபஞ்சங்கள் என்ற முறையைச் சேர்ந்ததுதான். அதை முதலில் வெளியிட எண்ணியது 1980-களின் தொடக்கத்தில். ஜார்ஜ் பெரெஸ் 20-க்கும் மேற்பட்ட பக்கங்களை வரைந்துவிட்ட நிலையில், இரு நிறுவனங்களின் ஆசிரியர்களுக்கிடையே எழுந்த கருத்து வேறுபாட்டால் பணி நின்றுபோயிற்று. இருபது ஆண்டுகள் கழித்து, 2003-இல், கர்ட் பியூசிக் எழுத, பெரெஸே அதை மீண்டும் வரைந்து முடித்தார். அவர் புற்றுநோயால் துன்புற்ற 2022-இல், முதிய ஓவியர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவும் ஹீரோ இனிஷியேட்டிவ் அமைப்புக்காக 7,000 படிகள் மட்டும் மறுபதிப்பாயின. அவ்வாண்டு மே மாதமே பெரெஸ் மறைந்தார். உங்கள் நண்பரிடம் இருப்பது எந்தப் பதிப்பானாலும் அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுங்கள்.

சித்திரக்கதை வாசகன்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ரெட் ஸ்கல் கதையை முதலில் தேடுகிறேன். கூட்டாளி முறித்துக்கொள்ளாமல், வில்லனே கூட்டாளியைப் பயன்படுத்திவிட்டுத் தூக்கியெறியும் கதையும் உண்டா? மார்வெல் வில்லன் டாக்டர் டூம் அப்படிச் செய்யக்கூடியவர் என்று தோன்றுகிறது.

பழைய இதழ்கள்:

சரியாகக் கணித்தீர்கள். 1981-இல் ஜான் புசேமா வரைந்த இரண்டாவது சூப்பர்மேன்–ஸ்பைடர்மேன் கதையில், பிறர் ஆற்றலை உறிஞ்சும் டிசி வில்லன் பாரசைட்டை டூம் கூட்டாளி என்றுதான் அழைத்துவருகிறார். அவர் மனத்திலோ அவனை ஒரு கருவியாகப் பயன்படுத்தும் எண்ணம்தான் இருக்கிறது, ஏமாந்த பாரசைட்டுக்கு அது விளங்குவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. திட்டம் தோற்ற பிறகும் டூம் பிடிபடுவதில்லை. நியூயார்க்கில் உள்ள, தாம் ஆளும் லாட்வேரியா நாட்டின் தூதரகத்துக்குள் நுழைந்து, ஒரு நாட்டின் அரசர் என்ற உரிமையோடு நின்றுகொள்கிறார். வாசலில் சூப்பர்மேனே நின்றாலும் சட்டப்படி உள்ளே கால் வைக்க முடியாது.