மூட்டு மாற்றிய முழங்காலில் வீக்கம், கல்ச்சரில் எதுவும் வளரவில்லை: எந்த லேபில் கொடுக்கலாம்?

அம்மாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு. போன வருடம் மதுரையில் வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தோம். சிமெண்ட் வைத்துப் பொருத்திய கோபால்ட்-குரோமியம் மூட்டு. ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் நடந்தார். அப்புறம் வலி ஆரம்பித்தது, அதுவும் ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதே. காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஆனால் கையை வைத்துப் பார்த்தால் வலது முட்டி மட்டும் எப்போதும் சூடாக இருக்கிறது, சாயங்காலமானால் வீங்குகிறது.

எக்ஸ்ரேயில் மூட்டு தளரவில்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி 28, இஎஸ்ஆர் 62, இரண்டுமே அதிகம். முட்டியில் நீர் எடுத்ததில் வெள்ளை அணுக்கள் 4,200, அதில் 84% நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வகை). தொற்று என்றுதான் எல்லாம் சொல்கிறது. கல்ச்சர் (நீரில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்ப்பது) மட்டும் நெகட்டிவ். நீர் எடுத்த சமயம் அம்மா ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் (என்னைக் கேட்டால் குழப்பமே அங்கேதான், அந்த மருந்து கல்ச்சரில் கிருமியை வளரவிடாமல் செய்திருக்கலாம்). லேபிலும் ஐந்தாம் நாளே ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். மெதுவாக வளரும் கிருமிக்கு 14 நாள் வரை வைத்துப் பார்க்க வேண்டுமாம். உலோகத்தின் மேல் படலமாக ஒட்டியிருந்தால் நீரில் சிக்காமலும் போகுமாம்.

ஒரு டாக்டர் மூட்டைக் கழற்றச் சொல்கிறார், இன்னொருவர் மறுபடி மாத்திரை என்கிறார். கிருமி எதுவென்றே தெரியாமல் இரண்டுக்கும் மனசு வரவில்லை. டாக்டர் சொல்லி மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் தாண்டிவிட்டது, அதனால் திரும்ப நீர் எடுக்க இதுதான் நேரம்.

மூட்டு நீரை 14 நாள் கல்ச்சர் வைத்து, கிருமியின் டிஎன்ஏ பரிசோதனையும் செய்து தரும் லேப் மதுரை, திருச்சி, கோவைப் பக்கம் எது?