கரண்ட் போனதில் ஸ்டார்டியூ பண்ணை காணாமல் போய்விட்டது, மீட்க வழி உண்டா?

சாட்ஸ்வர்த்_வாசி:
வணக்கம். ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு, விண்டோஸ் கணினி, ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கியது. நேற்று இரவு விளையாட்டுக்குள் படுக்கப் போனேன். அந்த நாள் சேவ் ஆகிக்கொண்டிருந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. வந்ததும் திறந்தால் லோட் பட்டியலில் என் பண்ணையே இல்லை. மூன்றாம் வருஷம், கிரீன்ஹவுஸ் முழுக்க ஏன்ஷியன்ட் ஃப்ரூட், நிலவறை நிறைய வைன் பீப்பாய். முதலிலிருந்து தொடங்கு என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

2023-இல் இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் (அட்டவணை போட்ட மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோதுகூட இப்படி ஆனதில்லை. அப்போது கையில் அட்டவணை இருந்தது, நேரம் பார்த்து அணைத்துவிடலாம். இப்போது யாராவது கேபிளை வெட்டிக்கொண்டு போகிறார்கள், இல்லையென்றால் எங்கேயோ ட்ரிப் ஆகிறது. சொல்லிவிட்டுப் போன கரண்ட்டே தேவலை.

இன்னொரு சந்தேகமும் உண்டு. பிள்ளைகள் தூங்கியபின் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஆடுகிறவன் நான். சமீபத்தில் ஆடியதில் ஹேடீஸ் மிகவும் பிடித்தது. தோற்றாலும் கதை நகர்கிறது, அதனால் எரிச்சல் வருவதில்லை. பலாட்ரோ போக்கர் தெரியாத என்னையே உட்கார வைத்துவிட்டது. டேவ் த டைவரில் பகலில் மீன் பிடிப்பது, இரவில் சுஷி கடை நடத்துவது, முதல் பாதி அருமை. பின்பாதியில் புதிது புதிதாக எதையாவது திணித்துக்கொண்டே போகிறார்கள். எல்டன் ரிங் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் பாஸ் பட்டன் (பாதியில் நிறுத்தி வைக்கும் வசதி) இல்லாத விளையாட்டு குடும்பஸ்தனுக்கு ஆகாது. இவற்றில் எது திடீரென்று கரண்ட் போனால் தாங்கும்?

பீனிக்ஸ்_அக்கா:
பதறாதீங்க தம்பி, பண்ணை பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். முதலில் ஸ்டீமில் அந்த விளையாட்டின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் கிளவுட் சேவ் வசதியை (சேவின் நகலை இணையத்தில் வைப்பது) அணைத்துவிடுங்கள். பழுதான ஃபைலும் நல்ல ஃபைலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடக் கூடாது.

அப்புறம் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில், இரு பக்கமும் சதவீதக் குறி போட்டு எண்டர் கொடுங்கள். திறக்கிற இடத்தில் ஸ்டார்டியூ வேலி ஃபோல்டர், அதற்குள் சேவ்ஸ், அதற்குள் பெயரும் நீளமான எண்ணும் சேர்ந்த ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே டெஸ்க்டாப்பில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நகல் எடுக்காமல் எதையும் தொடவே வேண்டாம்.

உள்ளே நான்கு ஃபைல் இருக்க வேண்டும். ஃபோல்டரின் பெயரிலேயே ஒன்று, சேவ்கேம்இன்ஃபோ என்று ஒன்று, இந்த இரண்டுக்கும் கடைசியில் அடிக்கோடும் ஓல்ட் என்ற சொல்லும் சேர்ந்த ஜோடி. அந்த ஓல்ட் ஜோடிதான் அதற்கு முந்தைய நாளின் சேவ். இருக்கிறதா பார்த்துச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த்_வாசி:
நான்கும் இருக்கிறது அக்கா. புதிய இரண்டையும் நோட்பேடில் திறந்தால் வெறும் வெற்றிடம். ஆனால் ஃபைலின் அளவு மட்டும் சரியாகக் காட்டுகிறது. இது எப்படி?

மிட்ராண்ட்_இரவுப்பறவை:
விண்டோஸ் எழுதுகிற முறை அப்படி. இந்தப் பெயரில் இவ்வளவு பெரிய ஃபைல் என்ற பதிவு முதலில் வட்டுக்குப் போய்விடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய எழுத்து கொஞ்ச நேரம் நினைவகத்தில் காத்திருக்கும். அந்த இடைவெளியில் கரண்ட் போனால் ஃபைல் முழுக்க பூஜ்யம். வீடு பதிவாகிவிட்டது, குடிதான் இன்னும் வரவில்லை. விளையாட்டைக் குறை சொல்வதற்கில்லை, பாதியில் எழுதிக்கொண்டிருந்த எந்த ஃபைலுக்கும் இதே கதிதான்.

ஓல்ட் ஃபைலையும் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஸ்டார்டியூவின் சேவ் சாதாரண எக்ஸ்எம்எல் எழுத்துதான். வரிவரியாக ஏதாவது தெரிந்தால் பிழைத்தீர்கள்.

பீனிக்ஸ்_அக்கா:
தெரிந்தால், வெறுமையான அந்த இரண்டு ஃபைலையும் அழித்துவிட்டு, ஓல்ட் ஜோடியின் பெயரிலிருந்து அடிக்கோட்டையும் ஓல்டையும் மட்டும் எடுத்துவிடுங்கள். மற்ற எழுத்தோ எண்ணோ ஒன்றும் மாறக் கூடாது. இரண்டையுமே மாற்ற வேண்டும். லோட் பட்டியல் சேவ்கேம்இன்ஃபோவைப் பார்த்துத்தான் பண்ணையைக் காட்டும், அது கெட்டதால்தான் உங்களுக்குப் பெயரே வரவில்லை.

சாட்ஸ்வர்த்_வாசி:
வந்துவிட்டது!! அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். போனது விளையாட்டில் ஒரே ஒரு நாள். வைன் எல்லாம் அப்படியே இருக்கிறது.

மிட்ராண்ட்_இரவுப்பறவை:
நல்லது. இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த விஷயம். நான் இப்போதெல்லாம் விளையாட்டு வாங்குமுன் படங்களைப் பார்ப்பதைவிட அது எப்போது சேவ் செய்கிறது என்றுதான் தேடிப் பார்ப்பேன்.

ஸ்டார்டியூவில் பத்து நிமிடம் என்பது நிஜத்தில் ஏழு விநாடி. காலை 6 மணியிலிருந்து இரவு 2 மணி வரை ஓடவிட்டால் 14 நிமிடம். தனியாக ஆடும்போது மெனு திறந்தால் கடிகாரம் நிற்கும் என்பதால் கொஞ்சம் கூடும். படுத்தால்தான் சேவ், ஆகவே எப்போது கரண்ட் போனாலும் இழப்பு கால் மணி, இருபது நிமிடம். இது பெரிய விஷயமே இல்லை. உங்களுக்கு நடந்தது சேவ் ஆகிற அந்தச் சில விநாடியில் மாட்டியது, அபூர்வம்.

ஹேடீஸில் ஒவ்வோர் அறைக்குள் நுழையும்போதும் சேவ் ஆகும். கரண்ட் வந்ததும் அதே அறையின் வாசலிலிருந்து தொடரலாம். பலாட்ரோ ஏறக்குறைய விட்ட இடத்திலேயே நிற்கும், நம் ஊருக்கென்றே செய்தது மாதிரி. டேவ் கடலுக்குள் இருக்கும்போது கரண்ட் போனால் அந்த முங்கல் வீண், கரையில் இருந்தால் கவலை இல்லை. எல்டன் ரிங் ஓயாமல் தானாகவே சேவ் செய்கிறது. அது வசதிதான், ஆனால் எல்லாக் கதாபாத்திரமும் ஒரே ஃபைலில். அந்த ஒன்று கெட்டால் எல்லாம் போச்சு. அதற்கு மட்டும் வாரம் ஒருமுறை கையாலேயே நகல் எடுங்கள்.

கேப்டவுன்_தம்பி:
குறுக்கே வருகிறேன் அண்ணா. ஆடக் கொஞ்ச நேரம்தான் என்றால் நம் நாட்டுச் சரக்கையும் பாருங்கள். இங்கே கேப்டவுனில் ஃப்ரீ லைவ்ஸ் செய்த டெர்ரா நில், 2023-இல் வந்தது. மற்ற ஊர் கட்டும் விளையாட்டுகளுக்கு நேர் எதிர். பாழ்நிலத்தில் தண்ணீரும் புல்லும் காடும் கொண்டுவந்து, கடைசியில் நீங்கள் கட்டிய அத்தனையையும் பிரித்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்தப் பிரிக்கிற கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே ஆட்களின் ப்ரோஃபோர்ஸ், 2015, சத்தமும் வெடியும்தான், ஆனால் ஒரு கட்டம் சில நிமிடத்தில் முடிந்துவிடும். இன்னும் பழசு வேண்டுமென்றால் டெஸ்க்டாப் டன்ஜன்ஸ், 2013. ஒரு குகை ஒரே திரையில் அடங்கிவிடும். டீ ஆறுவதற்குள் ஒன்று ஆடி முடிக்கலாம், தோற்கவும் செய்யலாம்.

எல்டன் ரிங்கைப் பற்றிச் சொன்னீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாஸ் இல்லை என்பதால்தான் அந்த பயமே வருகிறது.

சாட்ஸ்வர்த்_வாசி:
தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். டெர்ரா நில்லை விஷ்லிஸ்ட்டில் போட்டுவிட்டேன். சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கலாமா? கடையில் 650 விஏ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்.

மிட்ராண்ட்_இரவுப்பறவை:
விஏ எண்ணைப் பார்க்காதீர்கள், வாட் எண்ணைப் பாருங்கள். 650 விஏ என்று போட்டிருக்கிற சின்னப் பெட்டி பெரும்பாலும் 360, 390 வாட் அளவுதான் தாங்கும். ஸ்டார்டியூவுக்கும் பலாட்ரோவுக்கும் தாராளம். எல்டன் ரிங் ஓடும்போது உங்கள் கிராஃபிக்ஸ் கார்டு பெரியதாக இருந்தால் கரண்ட் போன நொடியே யுபிஎஸ்ஸும் கூவிவிட்டு அணைந்துவிடும். அப்புறம் மானிட்டரையும் அதிலேயே மாட்டுங்கள். கணினி மட்டும் உயிரோடு இருந்து திரை இருட்டாக இருந்தால் கதாபாத்திரத்தை எப்படிப் படுக்க வைப்பீர்கள்? நிறைய யுபிஎஸ்ஸில் பின்னால் இருப்பது கெட்டில் ப்ளக் துளைதான், நம் மூன்று உருண்டை முனை ப்ளக் நுழையாது. அதற்கான வயரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அதில் தொடர்ந்து ஆடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஈய அமில பேட்டரி, அடிக்கடி காலியாகும்வரை இழுத்தால் சீக்கிரம் செத்துவிடும். சேவ் செய்து அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும்.

பீனிக்ஸ்_அக்கா:
தம்பி, கிளவுடை மறுபடி போட மறந்துவிடாதீங்க. போட்டதும் இந்தக் கணினியில் உள்ளதா, கிளவுடில் உள்ளதா, எது வேண்டும் என்று ஸ்டீம் கேட்கக்கூடும். கணினியில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். ஒரு நாள் ஆடி, படுத்து, புது சேவ் விழுந்த பிறகு டெஸ்க்டாப் நகலை அழிக்கலாம்.

சாட்ஸ்வர்த்_வாசி:
கேட்டது அக்கா, கணினியில் உள்ளதையே கொடுத்தேன். இழையைத் தீர்ந்தது என்று குறித்துவிடுகிறேன்.